வெள்ளைச் சந்தில் பாய்ந்த குதிரை

அந்தக் குதிரை காட்டாற்றைத் தாண்டிய படம் இன்னும் என் கண்ணில் அப்படியே நிற்கிறது. முன்னங்கால் இரண்டும் மடங்கி, வால் நீண்டு, கீழே நுரைத்து ஓடும் தண்ணீர். வெள்ளைக் குதிரை, முதுகில் முகமூடிக்காரர். மேல்மலையனூரில் ஓர் அமாவாசை ராத்திரி, சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம் பத்து வயதில் எட்டணா கொடுத்து வாங்கிய காமிக்ஸ் அது. அட்டை கிடையாது. கடைசி இரண்டு தாளும் கிடையாது.

போன வருடம் வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. குதிரையைத்தான் முதலில் தேடினேன். ஒரு கட்டத்தில் குதிரை இந்தக் கரையில் நிற்கிறது. பக்கத்துக் கட்டத்தில் அந்தக் கரையில் புழுதி கிளப்பி ஓடுகிறது. தாண்டும் படத்தைக் காணோம். தாள் ஏதும் கிழிந்திருக்குமோ என்றால் இரண்டு கட்டமும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில். நடுவில் கால் அங்குல வெள்ளைச் சந்து. நாற்பது வருடமாக நான் பார்த்து வந்த பாய்ச்சல் நடந்த இடம் அதுதான்.

மேல்மலையனூர் செஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் போல. அமாவாசை தவறாமல் நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும். குங்குமம், எலுமிச்சை மாலை, வளையல், பொரி என்று கடைகள். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு மண்டையோடு பயம் தராது. பிரம்மன் தலையைக் கொய்த சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு விடாமல் அலைக்கழித்ததும், அம்மன் சோற்றை இறைக்க, அதைத் தின்ன இறங்கிய கபாலத்தை அவள் காலால் மிதித்து அடக்கியதும் எங்கள் ஊர்க் கதை. மாசி மாதத்து மயானக் கொள்ளை அதன் நினைவாகத்தான். ஆகவே, மண்டையோட்டு மோதிரம் போட்டு, மண்டையோட்டுக் குகையில் குடியிருந்து, குத்து வாங்கியவன் தாடையில் மண்டையோட்டு முத்திரை பதிக்கும் ஒரு வெள்ளைக்காரர் எனக்கு அந்நியராகப் படவில்லை. ஏதோ தூரத்துச் சொந்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவரை ஆங்கிலத்தில் ஃபேண்டம் என்பார்கள். முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. இதில் ஒரு குழப்பம் உண்டு: 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்துவிட்ட இரும்புக்கை மாயாவி வேறு ஆள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். ‘மாயாவி வந்திருக்கா?’ என்று கடையில் கேட்டால் ‘எந்த மாயாவி?’ என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மவர் முகமூடி மாயாவி.

லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் எழுத, 1936 பிப்ரவரி 17-இல் நாளிதழில் தொடங்கிய தொடர் இது. 1536-இல் கடற்கொள்ளையர் தகப்பனைக் கொன்றுவிட, கரையில் ஒதுங்கிய மகன் கொலைகாரனின் மண்டையோட்டின் மேல் கைவைத்துச் சபதம் செய்கிறான். அவனுக்குப் பின் மகன், பேரன் என்று வரிசையாக முகமூடி அணிகிறார்கள். இப்போது இருப்பவர் 21-ஆவது ஆள். ஊரார் கண்ணுக்கு ஒரே ஆள்தான், நானூறு வருடமாகச் சாகாதவர். அந்தக் கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயர் ‘சிங்’. இந்தியாவில் 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது யாரும் சண்டைக்கு வரக்கூடாதென்று ‘சிங்கா’ ஆக்கினார்கள். வங்காளத்தை நினைவூட்டிய ‘பெங்காலா’ நாட்டை ‘டெங்காலி’ ஆக்கினார்கள். முப்பது வருடம் கழித்து ஹாலிவுட்காரர்கள் படமெடுத்தபோதும் அதே எச்சரிக்கையோடு ஓர் எழுத்தை மாற்றி ‘செங்’ என்றார்கள். தங்கள் ராஜா தேஜ் சிங்கையே தேசிங்கு ஆக்கி, கதைப்பாட்டாகப் பாடி, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் பார்த்துவிட்ட செஞ்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தையில்லை.

ஹாலிவுட் படம் 1996 ஜூன் 7-இல் வந்தது. சைமன் வின்சர் இயக்கம், பில்லி ஜேன் கதாநாயகன். காடு, கடலெல்லாம் தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்தார்கள். ஃபால்க் எழுதிய முதல் இரண்டு கதைகளையும், 1954-இல் வந்த இடுப்புப்பட்டைக் கதையையும் சேர்த்துத் தைத்தது அதன் திரைக்கதை. அந்த இடுப்புப்பட்டைக் கதைதான் இந்திரஜால் காமிக்ஸின் முதல் இதழாகவும் வந்தது. அதாவது நம் ஊர் வாசகர்களுக்கு இந்தப் படத்தின் ஒரு பகுதி மிகப் பழைய சரக்கு. 4.5 கோடி டாலர் செலவில் எடுத்து, அமெரிக்காவில் 1.7 கோடிதான் வசூல். நான் பல வருடம் கழித்துக் குறுந்தகட்டில் பார்த்தேன். மோசமான படமில்லை. வெள்ளைக் குதிரை வந்தது, ஓநாய் வந்தது, மண்டையோட்டுக் குகை பிரமாதமாக வந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று வரவில்லை. அது என்னவென்று பரணில் கிடைத்த புத்தகம்தான் காட்டிக்கொடுத்தது.

சினிமாவிலும் சந்து உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். டூரிங் டாக்கீஸில் புரொஜக்டர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றவர்கள் அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். ஃபிலிம் சுருள் சீராக ஓடுவதில்லை. ஒரு படம் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும், திரையில் விழும். பின்பு ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைக்கும். அந்த இருட்டில் சுருள் வெடுக்கென்று அடுத்த படத்துக்கு நகரும். நொடிக்கு 24 தடவை இந்தக் கூத்து. ஃபேண்டம் படம் 100 நிமிடம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 1,44,000 அசையாத படங்கள். மறைக்கும் தகடு கிட்டத்தட்டப் பாதி நேரத்தை எடுத்துக்கொள்வதால், டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வெறும் இருட்டைத்தான் பார்த்திருப்பார். யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

இதற்குப் பள்ளிக்கூடத்தில் சொன்ன காரணம், கண்ணின் திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குகிறது என்பது. தங்குவது உண்மைதான். ஆனால் அது மட்டும் நடந்திருந்தால், ஈரச் சுவரொட்டி மேல் இன்னொன்றை ஒட்டியதுபோல் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு தெரியும். அசைவு தெரியாது. அசைவு எங்கே பிறக்கிறது என்று தேடியவர்களில் முக்கியமானவர் மாக்ஸ் வெர்த்தைமர். 1910-இல் ரயிலில் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை தட்டியது. ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, பொம்மைக் கடையில் சுழற்றிப் படம் பார்க்கும் விளையாட்டுச் சாமான் ஒன்றை வாங்கினார். பிறகு பல்கலைக்கழகத்தில் அதையே ஒழுங்கான சோதனையாக்கி 1912-இல் வெளியிட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெளிச்சக் கோடுகள். முதலில் ஒன்று, அப்புறம் மற்றது. இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் எரிவதாகத் தெரிகிறது. 200 பங்கு என்றால் இது அணைந்து அது எரிகிறது, தனித்தனி. நடுவில், 60 பங்கு வாக்கில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்து போகிறது. அங்கே எதுவுமே நகரவில்லை. பார்த்தவர் மூளைதான் நகர்த்தியது.

மூளையில் அசைவுக்கென்றே ஒரு பகுதி இருப்பது பின்னால் தெரிந்தது. 1983-இல் ஜோசஃப் ட்சீலும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் 43 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்புறம் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர். நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டிபோல் உறைந்து நின்றது. எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் வழிந்தது. அறையில் யாராவது நடந்தால் இங்கே இருந்தவர் திடீரென்று அங்கே இருந்தார். தெருவைக் கடக்க முடியவில்லை. தூரத்தில் நின்ற கார் சட்டென்று பக்கத்தில் நின்றது. உலகமே அவருக்குக் கட்டம் கட்டமாகிவிட்டது.

நமக்கும் கட்டம் கட்டமாகத்தான் வந்து சேர்கிறது என்பதுதான் வேடிக்கை. இதைப் படிக்கும் உங்கள் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போகவில்லை. நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவி உட்காருகிறது. தாவும்போது பார்வை மங்கலாகத் தெரிய வேண்டும். மூளை அந்தக் கணத்தை அமுக்கிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் தம்பியைக் கேட்டால் ‘முழி இங்கயும் அங்கயும் ஓடுதே’ என்பான்.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். அதன் சந்தை வெர்த்தைமர் சொன்ன இயந்திரத்தால் தாண்ட முடியாது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக அரை நொடி, ஒரு நொடி ஆகிறது. அசைவைப் பார்க்கும் பகுதி அதற்குள் கையை விரித்துவிடும். அந்தத் தாண்டலைச் செய்வது வேறொன்று. கரையில் குதிரை நின்றது, இப்போது எதிர்க்கரையில் ஓடுகிறது, குதிரைகள் தாண்டக்கூடியவை, ஆறு அகலமில்லை, இவர் அவசரத்தில் இருக்கிறார் என்று, நமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு நொடிக்குள் கூட்டிப் பாலம் போடுகிற அறிவு. ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல், காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே வரைந்த புத்தகத்தில் இந்தச் சந்தைத்தான் கலையின் மையம் என்றார். நீல் கோன் என்ற ஆய்வாளர் 2012-இல் இன்னும் ஒரு படி போய், தலையில் மின்வாய்கள் பொருத்தியவர்களுக்கு ‘பீனட்ஸ்’ படக்கதைகளை ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். வரிசை மாறித் தொடர்பற்றுப் போன கட்டங்களுக்கு மூளையில் எழுந்த மின் அலை, வாக்கியத்தில் பொருந்தாத சொல்லைக் கேட்டால் எழும் அதே வகை அலை. கட்டங்களை நாம் கிட்டத்தட்ட ஒரு மொழிபோல் வாசிக்கிறோம்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்கள் எந்த மின்வாயும் இல்லாமல் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். முக்கியமான வேடம் களரிக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால். மேலே கிரீடத்தின் உச்சி. சில சமயம் ஓரத்தில் விரல்கள். ஆள் உள்ளேயிருந்து பாடுவார், குதிப்பார், திரை மட்டும் விலகாது. துரியோதனனின் முகத்தை நாங்கள் ஒவ்வொருவரும் செய்து முடித்த பிறகுதான் நிஜ வேடம் வெளியே வரும். அது சில நாள் எங்கள் துரியோதனனுக்குக் கொஞ்சம் குறைச்சலாகவே இருக்கும்.

ஃபேண்டம் நாளிதழில் வந்த காலத்தில் சந்து இன்னும் அகலம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டம், அப்புறம் மறுநாள் காலைதான். முதல் கதை இப்படி ஒன்பது மாதம் போல ஓடியது. கத்தி ஓங்கிய இடத்தில் நிறுத்திவிட்டு வாசகனை இருபத்துநாலு மணி நேரம் அந்தச் சந்தில் குடிவைத்தால் அவன் சும்மாவா இருப்பான்? நூறு நிமிடப் படத்தில் அந்த ஒன்பது மாதத்தில் மிஞ்சியது சில காட்சிகள். கதையைச் சுருக்கியதில் எனக்கு வருத்தமில்லை. காத்திருந்த வாசகர்கள் ஆளுக்கொன்றாகக் கட்டிவைத்த கதைகளைத் திரைக்கதையில் சேர்க்க யாராலும் முடியாது. ‘புத்தகம் மாதிரி இல்லை’ என்று படத்தைக் குறை சொல்கிறவரிடம், எந்தப் புத்தகம் என்று கேட்டால் வாதம் அதோடு நின்றுவிடும்.

குத்துச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் காமிக்ஸில் ‘கும்’ என்று ஒரு சொல் வெடித்திருக்கும். அவ்வளவுதான். அந்தக் கும்முக்கு எவ்வளவு சத்தம் என்பது படிப்பவர் இஷ்டம். படத்தில் ஒலிப்பதிவாளர் ஒரு சத்தத்தை முடிவுசெய்தாக வேண்டும்.

நிறத்துக்கும் இதே கதை. ஃபால்க் மனதில் வைத்திருந்தது சாம்பல் நிற உடை. தினசரித் தொடர் கறுப்பு-வெள்ளை என்பதால் பிரச்சினை வரவில்லை. 1939-இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது அச்சகத்தில் ஊதா பூசிவிட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்து நடமாடுகிறவருக்கு ஊதாவா என்று கேட்க நேரமில்லாமல் அதுவே நிலைத்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நீலம், இத்தாலியில் சிவப்பு. 1996 படம் ஊதாவைப் பிடித்துக்கொண்டு, துணியில் மெல்லிய கோலங்கள் போட்டுச் சமாளித்தது. என் எட்டணாப் புத்தகத்துக்கு அட்டை இல்லை என்றேனே, உள்ளே கறுப்பு-வெள்ளை. பத்து வயதில் நான் அவரைச் சாம்பல் நிறமாகத்தான் நினைத்திருந்தேன். மேல்மலையனூர்ச் சாக்குக் கடையில் உட்கார்ந்து, தெரியாமலே, ஆசிரியர் நினைத்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் படத்தில் எனக்கு உண்மையில் கைநழுவிப் போனது கண்.

காமிக்ஸில் முகமூடியின் கண்ணிடம் வெறும் வெள்ளை. பாவை கிடையாது. கிரேக்கச் சிலைகளைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகவும், பாவையில்லாத கண் மனிதத்தனம் இல்லாத ஒரு மிரட்டலைத் தருவதாகவும் ஃபால்க் சொல்லியிருக்கிறார். அந்தச் சிலைகள் செய்த காலத்தில் வண்ணம் பூசி, கண்ணும் எழுதித்தான் நின்றன. இரண்டாயிரம் வருட மழையிலும் மண்ணிலும் வண்ணம் போயிற்று. அழிந்துபோன ஒரு பூச்சிலிருந்து இந்தக் கண் பிறந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் சுதைச் சிலை செய்பவர்களிடம் கேட்டால் இதன் மறுபாதியைச் சொல்வார்கள். வீரபத்திரன், பாவாடைராயன், முனி என்று எந்த உருவமானாலும் மீசை, நரம்பு, நகம் வரை எழுதி முடித்த பிறகு கடைசியில்தான் கண். அதுவரை வெண்சுண்ணம் பூசிய இரண்டு முட்டை. அப்போது சாரத்தில் ஏறி அதன் தோளில் கை போட்டுக்கொண்டு பீடி பிடிப்பார்கள். பிறகு ஆளை அப்புறப்படுத்தி, திரை கட்டி, தூரிகை நுனியில் கறுப்பைத் தொட்டு ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. கண் திறந்தாயிற்று. அதன்பின் தோளில் கை போட யாருக்கும் மனம் வராது. பார்க்கிற ஒன்றின் முன்னால் நடந்துகொள்ளும் விதமே வேறு.

ஒரு தாளில் முகமூடி வரைந்து நீங்களே பார்க்கலாம். பாவை இல்லாதபோது அது எல்லாப் பக்கமும் பார்க்கிறது, எதையும் பார்க்கவில்லை. இடது மூலையில் இரண்டு புள்ளி வைத்தால் இடப்பக்கம் யாரோ வருகிறார்கள். மேலே வைத்தால் கடன்காரன் முன் நிற்கும் முகம். புள்ளி ஒரு நூல் நகர்ந்தால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கோபயாஷி, கோஷிமா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 80-க்கும் மேற்பட்ட குரங்கின வகைகளின் கண்களை அளந்து 1997-இல் எழுதினார்கள். மனிதக் கண்ணில்தான் பாவையைச் சுற்றி அத்தனை வெள்ளை, அத்தனை அகலமாக வெளியே தெரிகிறது. பெரும்பாலான குரங்குகளுக்கு அந்த இடம் கருத்து, பார்வை போகும் திசையை மறைக்கிறது. கூடி வேட்டையாடி, கூடிக் குழந்தை வளர்த்த நம் இனத்துக்கு, எங்கே பார்க்கிறோம் என்பதை மற்றவருக்குக் காட்டிக்கொடுப்பது லாபமாக இருந்திருக்கும் என்பது அவர்கள் வழியில் வந்தவர்கள் சொல்லும் விளக்கம். சில சிம்பன்சிகளுக்கும் வெளுத்த கண் உண்டு, அவ்வளவு தீர்மானமாகச் சொல்லாதீர்கள் என்று பின்னால் வந்தவர்கள் தடுக்கிறார்கள். வாதம் நடக்கட்டும். கண்ணை மறைத்தவரிடம் நமக்கு ஒரு தயக்கம் வருவதற்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட எந்தத் தலைவரையும் நினைத்துக்கொண்டால் போதும்.

காமிக்ஸ் மாயாவி அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். எங்கே பார்க்கிறார் என்று எதிரிக்குத் தெரியாது, வாசகனுக்கும் தெரியாது. கோபமா, சலிப்பா, உள்ளே சிரிக்கிறாரா, நாமே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். பில்லி ஜேனுக்கு அழகான கண்கள். முகமூடித் துளை வழியாக அவை தெரிந்தன. வில்லனைப் பார்த்தன, காதலி டயானாவைப் பார்த்தன, கொஞ்சம் குறும்பாகவும் பார்த்தன. அந்தக் கணத்திலேயே சாகாதவர் செத்துப்போய் ஒரு நல்ல மனிதர் மிஞ்சினார். இயக்குநரைக் குறை சொல்லவும் முடியாது. ஓடும் லாரியிலிருந்து குதிக்கிறவருக்குக் கண் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது என்ன நினைக்கிறதென்று தெரிய வேண்டும். இருபது வருடம் கழித்து, 2016-இல், டெட்பூல் படத்தில் வெள்ளைக் கண்ணையே வைத்துக்கொண்டு, கணினியில் அந்த வெள்ளையைச் சுருக்கியும் விரித்தும் உணர்ச்சி காட்டினார்கள். சாமர்த்தியம்தான். அங்கேயும் நமக்காக முடிவுசெய்தது ஒரு கணினிக்காரர்.

இன்னொரு விஷயத்தில் ஃபால்க் பிடிவாதக்காரர். மாயாவியின் முகமூடியில்லாத முகத்தைத் தொடரில் வாசகனுக்குக் காட்டவே இல்லை. ஊருக்குள் போனால் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மேல் கோட்டு. வீட்டில் என்றால் முதுகுப்புறம், அல்லது நிழல், அல்லது சௌகரியமாக ஒரு கதவு. மனைவிக்குத் தெரியும், ஓநாய்க்குத் தெரியும், நமக்குத் தெரியாது. படத்தில் அவர் நியூயார்க்கில் கோட்டு சூட்டோடு முழு முகமாக நடந்து வந்தார். ஃபால்க் 1999-இல் காலமானார். தொடர் மற்றவர்கள் கையில் இன்னமும் ஓடுகிறது.

குதிரைக்கு வருகிறேன். இல்லாத கட்டத்தை நான் பார்த்ததுபோன்ற ஒன்றைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஹெலீன் இன்ட்ராப், மைக்கேல் ரிச்சர்ட்சன் இருவரும் 1989-இல் செய்த சோதனை: புகைப்படங்களைச் சில நொடி காட்டிவிட்டு, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்த பொருள்களை வரைந்தவர்கள் முழுதாக்கிவிட்டார்கள். சுற்றிலும் படத்தில் இல்லாத இடத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்தது யாருக்கும் தெரியவில்லை. பார்த்ததைத்தான் வரைந்தோம் என்றார்கள். என் குதிரை ஓரத்தைத் தாண்டவில்லை, நடுச் சந்தில் பாய்ந்தது; மற்றபடி தொழில் ஒன்றுதான்.

சென்ற மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். எட்டு வயது. அந்தப் பக்கத்தைக் காட்டி, குதிரை எப்படி அந்தப் பக்கம் போச்சு என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “நீந்தித்தான் மாமா. பாருங்க, அவரு காலைத் தூக்கி வெச்சிருக்காரு, நனையாம இருக்க.”

பார்த்தேன். எதிர்க்கரைக் கட்டத்தில் அவர் முழங்கால் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கிறது.